மாடியில் ஒரு கடல் சாமந்தி

இன்று கிருத்திகை. தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றப் போனவள், தீப்பெட்டியைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டேன். விரல்களில் இறால் வாசனை. புளி போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நான் பிறந்த வீடும் அப்படித்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இறாலை உரித்து, முதுகு நரம்பை எடுத்து, பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கப் பழகியிருக்கிறேன். முன்பெல்லாம் இந்த வாசனைக்குக் குமட்டும். இன்று உன் குரல்தான் கேட்டது. "சின்னதா நறுக்குட்டி. அது வாய் என்ன அண்டா வாயா?"

விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நீ எங்கள் மாடிக்குக் குடிவந்த நாள் நினைவிருக்கிறதா? இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை, சொந்த ஊர் தூத்துக்குடி, தனி ஆள் என்று வாசலில் நின்று சொன்னாய். உனக்கும் என் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்து உன்னை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. மேல மீனு கீனு சமைக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றாய்.

சாமான் வந்த வேனிலிருந்து பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை இறக்கினார்கள். அவர் நூலைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"மீன் தொட்டி அண்ணாச்சி."

"மீனு கூடாதுன்னு சொன்னேனே."

"சமைக்கக் கூடாதுன்னுதான சொன்னிய. வளக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

சுலபத்தில் சிரிக்காத மனிதர் அவர். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஆனால் உண்மையான கவலை அவருக்கு வேறு. தறிக்கு நேர் மேலேதான் உன் அறை. தறியில் ஏற்றிய பாவு நூலில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விழுந்தாலும் சேலை போய்விடும். நீ கீழே வந்து தறி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய், எதிர்மூலையில், கெட்டிச் சுவர்ப் பக்கமாக, பின்னால் ஆள் போகச் சந்து விட்டுத் தொட்டியை வைத்தாய். அப்படியும் அவர் நெய்யும்போது ஒவ்வொரு தட்டுக்கும் தொட்டித் தண்ணீரில் மெல்லிய நடுக்கம் ஓடும். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "அண்ணாச்சி தறியில ஏறியாச்சு" என்பாய்.

பல மாதம் அந்தத் தொட்டியில் கல்லும் உப்புத் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை. நீ வேலை முடிந்து வந்து அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாய். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"இன்னாபா இது, வெறும் கல்லைப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்கே?"

"தண்ணி பழகணும்ட்டி. பழகாத தண்ணியில அது செத்துரும்."

"எது?"

அன்றுதான் சொன்னாய். உன் அப்பா சங்கு குளிக்கப் போனவர். கடலுக்கு அடியில் பார்த்ததையெல்லாம் சோறு தின்னும்போது பிள்ளைகளுக்குச் சொல்வாராம். பாறை மேல் பூ மாதிரி விரிந்திருக்கும், பூ இல்லை, உயிர். கிட்டே போனால் சுருங்கிக்கொள்ளும். அதன் மடியில் மீன் படுத்துக் கிடக்கும் என்பாராம். "பொம்பளப் பிள்ளைய எவன் முங்கக் கூட்டிட்டுப் போவான்? அவர் பாத்ததை நான் ஒரு தடவ பாக்கணும், அவ்வளவுதான்" என்றாய். கடல் சாமந்தி என்று அதற்குப் பெயர் என்றும் சொன்னாய்.

என் மகள் கல்யாணமாகி ஓசூர் போன வருடம் அது. அவர் காலையிலிருந்து நூலோடுதான் பேசுவார். சமையல் முடிந்த பிறகு வீட்டில் எனக்கென்று யாருமில்லை. அதனால்தான் அந்த வெறும் கல்லை உன்னோடு சேர்ந்து நானும் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் சாமந்தியை வாங்கச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் கண்ணாடியிலிருந்து அதைப் பிய்த்தெடுத்து, தண்ணீரும் காற்றும் நிரப்பிய பையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாமா அது?" என்றார். "பூ" என்றேன் நான். "பிராணி" என்றாய் நீ. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

பையிலிருந்து அதை உடனே தொட்டியில் விடவில்லை நீ. தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டு வெகுநேரம் காத்திருந்தாய். இவ்வளவு செய்தும் அது விரியவே இல்லை. வாய் திறந்தபடி கிடந்தது. மறுநாள் நான் மாடிப்படி ஏறும்போதே நாற்றம். நீ கையுறை மாட்டிக்கொண்டு அதை வாரி வெளியே எடுத்துக்கொண்டிருந்தாய்.

"இது கரைஞ்சா தொட்டியில உள்ள எல்லாம் போயிரும்" என்றாய். பிறகு அடியைத் திருப்பிக் காட்டினாய். "பாரு, கால் கிழிஞ்சிருக்கு. பிய்ச்சி எடுத்தான்லா, அப்பமே கிழிஞ்சி போச்சு. கால் போனா இதுக்கு எல்லாம் போச்சு."

நீ அழுவாய் என்று நினைத்தேன். அழவில்லை. தண்ணீரில் பாதியை மாற்றினாய். உப்பைக் கரைத்து, ஒரு சொட்டை உப்பு அளக்கும் கருவியின் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் உயர்த்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தாய். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அது தாங்காது என்பதை அன்றுதான் எனக்கு முறையாகச் சொன்னாய். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் தினமும் நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்றாய். கேட்டுக்கொண்டேன். அது எனக்கு ஒருநாள் வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

இரண்டாவதை வாங்கும்போது கல்லோடு சேர்த்துக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று கடையிலேயே நின்றுகொண்டாய். பழுப்பில் பச்சை கலந்த நிறம். விரல் விரலாக நீண்ட கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் குமிழ். அது வந்த நாளிலிருந்து ஓர் இடத்தில் இருக்கவில்லை. கல்லை விட்டு இறங்கித் தொட்டி முழுக்க ஊர்ந்தது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாருக்குள் போனால் அரைபட்டுவிடும் என்று மோட்டார் வாயைப் பஞ்சு கட்டி மூடினாய். "பிடிச்சி ஒரு எடத்துல வெச்சிடேன்பா" என்றேன். "நான் வெச்ச எடத்துல அது இருக்காதுட்டி. அதுக்குப் புடிச்ச எடத்தை அதுதான் தேடிக்கணும்" என்றாய். கடைசியில் அது போய் உட்கார்ந்தது பெரிய கல்லின் பின்புறம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. நீ நாற்காலியைத் தூக்கி, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் போட்டு உட்கார்ந்தாய்.

செம்புக் குடத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சேர்க்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டதே என்று, உதவி செய்கிற நினைப்பில், எங்கள் வீட்டுச் செம்புக் குடம் நிறைய நல்ல தண்ணீர் சுமந்துகொண்டு படியேறினேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த நீ, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாய்.

"ஊத்தாத! ஊத்தாதட்டி!"

பயத்தில் குடம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "இன்னா ஆச்சு?"

"செம்பு பட்ட தண்ணி இதுக்கு வெஷம். மீன் தாங்குனாலும் தாங்கும், இது தாங்காது." என் முகம் வெளுத்ததைப் பார்த்திருப்பாய். குடத்தை வாங்கி, ஒரு தம்ளர் மொண்டு குடித்தாய். "நமக்கு நல்லதுதான். இதுக்குத்தான் ஆகாது."

அன்றிலிருந்து மாடிக்குப் பிளாஸ்டிக் குடம். ஜரிகையிலும் செம்பு இருக்கும் என்று, தறிப் பக்கமிருந்து வந்தால் சேலையை உதறிவிட்டு வரச் சொல்வாய். அவர் கீழேயிருந்து, "அந்தப் பூவுக்கு இன்னும் இன்னா இன்னா ஆவாதாம், கேளு" என்பார்.

கோமாளி மீன் ஒன்றை வாங்கி விட்டாய். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை. அது சாமந்தியைச் சீந்தவே இல்லை. மோட்டார் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் நான் மட்டும் சந்தில் உட்கார்ந்திருந்தபோது அது மெல்லப் போய்ச் சாமந்தியின் விரலில் உடம்பை ஒருமுறை உரசியது, விலகியது, மறுபடி உரசியது. பிறகு உள்ளே புகுந்து புரண்டது. உனக்குப் போன் போட்டேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாய். சந்தில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அப்பா பாத்தது இதுதான்" என்றாய்.

அந்த மத்தியானம் போல் இன்னொன்று எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம். நீண்ட இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நாளாகவே படியேறினால் உனக்கு மூச்சு வாங்கியது. கையில் காரணமில்லாமல் நீலத் தழும்புகள்.

"இன்னைக்கு என் ரத்தத்தை நானே பாத்தேன்ட்டி" என்றாய், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்து?"

"இருக்கக் கூடாதது நெறைய இருக்கு."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"இன்னும் காட்டல. நாளைக்குக் காட்டணும். அவர் சொல்லப்போறது எனக்குத் தெரியும்."

"சாப்டியா?" என்றேன். நீ சிரித்துவிட்டாய். அடுத்த துண்டை இடுக்கியில் எடுத்தாய். அந்தத் துண்டு சாமந்தியின் வாய்க்குள் முழுசாகப் போகும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரத்தப் புற்று. சென்னையில் வைத்தியம். தொட்டித் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதபோது, கையில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அந்தத் தண்ணீரிலுள்ள கிருமி ஏறிவிடுமாம். ஒரு சுற்று மருந்து முடிந்து, தலையில் துணி கட்டி, முகமூடி போட்டுக்கொண்டு நீ வீட்டுக்கு வந்தாய். உன் அறை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். நான் உள்ளே நின்றேன்.

"குளிர்பெட்டியில எறா டப்பா இருக்கு. எடு" என்றாய்.

எடுத்தேன். திறக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணை மூடிட்டு நறுக்குனா விரலைத்தான் நறுக்குவ. ஒன்னால முடியலன்னா விடுட்டி. கொஞ்ச நாள் பட்டினி கெடந்தா சாவாது."

"நீ சும்மா இருப்பா" என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வழவழப்பைத் தொட்டேன். நறுக்கினேன். கையைத் தண்ணீருக்குள் விட்டேன். இடுக்கி நழுவி, ஒரு சாமந்தி விரல் என் விரலில் பட்டு ஒட்டிக்கொண்டது. பசை மாதிரி இழுத்தது. "ஐயோ, புடிச்சிக்கிச்சு!" என்று கத்தினேன். முகமூடிக்குள் நீ சிரித்துச் சிரித்து இருமினாய். "இழுக்காத. அதுவே விடும்" என்றாய். விட்டது. கீழே வந்து கை கழுவி, வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இறாலைத் தொட்டதற்கு அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நீ திரும்பவும் சென்னைக்குப் போயிருந்தபோது புயல் மழை வந்தது. கரண்ட் போனது, போன் கோபுரமும் செத்துவிட்டது. மோட்டார் நின்றால் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும் என்று சொல்லியிருந்தாய். நான் ஒரு சொம்பால்—செம்பு இல்லை, எவர்சில்வர்—தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றினேன். மறுபடி மொண்டேன். தோள் விட்டுப்போயிற்று. படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவர்.

"தள்ளு" என்றார்.

"தறி?"

"மழ ஈரத்துல நூலு எப்டியும் ஒத்துழைக்காது. அது கெடக்குது, குடு."

சேலை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது என்பது எனக்குத் தெரியும். சொம்பைக் கொடுத்தேன். இருவரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியதும் அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாமந்தி கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் கல்லில் ஊன்றிய காலை எடுக்கவில்லை. போன் வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "உயிரோட இருக்கா?" "இருக்குது. நீ?" என்றேன். "நானும்தான்" என்றாய்.

சில வாரம் கழித்து ஒரு காலை அது நடுவில் நீண்டு இழுபட்டுக் கிடந்தது. ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி அந்தப் பக்கமும் போகப் பார்க்க, நடுவில் சதை கிழிந்து நூல் நூலாகத் தெரிந்தது. புயலுக்குத் தப்பித்து இப்போது சாகிறதே என்று வீடியோ போட்டுக் காட்டினேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில், கன்னம் ஒட்டி, போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தாய்.

"சாகலட்டி. ரெண்டாகுது. இது இப்படித்தான் பெருகும்."

"நெஜமாவா?"

"ஆமா. இனி ரெண்டுக்கும் தனித்தனியா ஊட்டணும். ஒனக்கு வேல கூடிப்போச்சு."

போனை வைக்கச் சொல்லவில்லை நீ. நான் சந்தில் உட்கார்ந்து அதைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து ஏதோ சொல்லும் வரை பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

உன் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். ஊருக்கு நேராக எடுத்துப்போகிறோம், நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொன்னார். நான் மாடிக்குப் போனேன். இரண்டு சாமந்தியும் என்றுமில்லாதபடி அகலமாக விரிந்திருந்தன. எனக்குக் கோபம் வந்தது. யார் போனது என்று தெரியுமா என்று அவற்றிடம் வாய்விட்டே கேட்டேன். அன்று ஊட்டும் நாள். டப்பாவை எடுத்தேன். நறுக்கினேன்.

காரியம் முடிந்து உன் தம்பி வந்தார். உன்னைப் போலவே புருவம். துணிமணி, கட்டில், பாத்திரம் எல்லாம் வேனில் ஏறின. தொட்டி முன்னால் வந்து நின்றார்.

"இதை என்ன செய்ய? கொண்டு போய்க் கடல்ல விட்டுரட்டா?"

"வேணாம்பா. தொட்டியில வளந்ததைக் கடல்ல வுடக் கூடாதுன்னு அவங்களே சொல்வாங்க. இங்கியே இருக்கட்டும்."

"ஒங்களுக்குத் தொந்தரவு."

தறியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "தொந்தரவு இன்னா? இருக்கட்டும்."

அதற்கடுத்த கோடையைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வெயில். விசிறி வைத்தேன், ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டேன். இருந்தும் தண்ணீர் சூடேறியது. இரண்டில் முன்பக்கம் இருந்தது வாயைப் பிளந்துவிட்டது. நீ செய்ததுபோலவே கையுறை மாட்டி அள்ளி எடுத்தேன். பின்பக்கம் இருந்தது சாகவில்லை. ஆனால் நாளுக்கு நாள் நிறம் வடிந்து, கடைசியில் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அதன் உடம்புக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் வெளிச்சத்தைச் சோறாக்கிக் கொடுக்கிறது, அது போனால் நிறமும் போய்விடும் என்று நீ சொன்னது நினைவிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் நீ சொல்லவில்லை. கொளத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். "அது அவ்ளோதான்மா. வேற வாங்கிக்கோங்க" என்றார்.

அன்று மாடியில் நின்று உன் எண்ணை அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. எனக்குத் தெரியும். இருந்தும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

கேட்க ஆளில்லாததால் எனக்குப் பட்டதைச் செய்தேன். விளக்கைக் குறைத்தேன். இறாலை முன்னைவிடச் சின்னதாக, எள் அளவுக்கு நறுக்கி, வாயருகே வைத்துக் காத்திருந்தேன். வாங்காவிட்டால் எடுத்துவிடுவேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஆடி போனது, ஆவணி போனது. அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "அது சாப்டுச்சா?" என்று கேட்பார். "இல்ல" என்பேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். புரட்டாசியில் ஒரு நாள் அதன் அடிப்பக்கத்தில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு தெரிந்தது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஏறுது. சாயம் ஏறுது" என்றார்.

இப்போது பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. கோமாளி மீன் அதன் மடியில்தான் தூங்குகிறது. நான் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இன்னொருத்தி இடித்துக்கொண்டு உட்கார இடமிருக்கிறது. பார்த்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. மகளிடம் போனில் சொன்னால், "சூப்பர்மா" என்கிறாள். அவள் நல்லவள். அவளுக்கு ஆயிரம் வேலை.

போன வாரம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறாராம், சின்னக் குடும்பமாம்.

"மாடி போர்ஷன் காலியா இருக்குதுன்னு சொன்னாங்க" என்றார்.

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"இல்லப்பா" என்றார் என் வீட்டுக்காரர். "மேல ஆளு இருக்குது."

வந்தவர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தறி நாடாவைத் திரும்ப ஓடவிட்டார். நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. இருந்தாலும் உன் கதவை ஒருமுறை தட்டி, கொஞ்சம் பொறுத்துத்தான் இன்றும் திறக்கிறேன்.